புழு வளர்ப்பு மனைக்கு ஏ.சி. தேவையா?

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்போருக்குக் கோடைதான் சோதனைக் காலம். இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி செல்சியஸும், வளர்ந்த புழுவுக்கு 23 முதல் 25 டிகிரியும் ஏற்றவை. வெப்பம் மிஞ்சினால் பால்புழு நோய் தலைகாட்டும், கூடும் இளைக்கும்.

ஏ.சி. வாங்க நினைப்பவர்கள் முதலில் ‘டன்’ கணக்கை அறிய வேண்டும். அது கருவியின் எடை அல்ல. ஒரு நாளில் சுமார் 900 கிலோ பனிக்கட்டி உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவை அறையிலிருந்து வெளியேற்றும் திறனே 1 டன். சுமார் 120 சதுர அடி அறைக்கு 1 டன் என்பது பொதுக் கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ மேற்கு வெயிலோ இருந்தால் கூடுதலாகத் தேவைப்படும்.

ஆனால் ஏ.சி. காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். இளம்புழுவுக்கு 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மல்பெரி இலை வாடும், புழு தின்னாது. வளர்ந்த புழுவுக்கோ காற்றோட்டம் அவசியம். மூடிய அறை ஆகாது. மின்கட்டணமும் கையைக் கடிக்கும்.

ஆகவே, முதலில் கூரை மேல் தென்னங்கீற்று வேயுங்கள். சன்னல்களில் நனைத்த கோணிப்பை தொங்கவிடுங்கள். தோலுரிக்கும் சமயத்தில் மட்டும் கோணியை அகற்றிவிட வேண்டும். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, தினமும் பிற்பகல் 2 மணிக்குப் பார்த்துக் குறித்து வாருங்கள். அதன் பிறகும் வெப்பம் தணியாவிட்டால் மட்டும், இளம்புழு அறைக்கு ஏ.சி. பற்றி யோசிக்கலாம்.