திசை பார்த்து அமைந்த மண்டபம்

1944ஆம் ஆண்டிலே, அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் துருக்கித் தூதுவர் முனீர் எர்தெகூன் காலமானார். அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்துவதற்கு ஏற்ற பள்ளிவாசல் ஒன்று அந்நகரில் அன்று இருக்கவில்லை. அக்குறையை உணர்ந்தோரின் முயற்சியினால் எழுந்ததே வாஷிங்டன் இஸ்லாமிய நிலையம். 1949இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது; 1957 ஜூன் 28ஆம் திகதி நடந்த திறப்பு விழாவில் ஜனாதிபதி ஐசனோவர் உரையாற்றினார்.

நேயர்களே, தொழுகை மண்டபத்திற்குத் திசையே உயிர். கிப்லா எனப்படும் மக்காவின் திசையை நோக்கியே அணிகள் நிற்கவேண்டும். இலங்கையில் நாம் மேற்கிற்குச் சற்று வடக்காக நோக்குகிறோம். வாஷிங்டனிலோ, தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவர் மக்கா தென்கிழக்கில் உள்ளதென்று எண்ணுவார். ஆனால் பூமி உருண்டை. பூகோள உருண்டை ஒன்றின்மேல் இவ்விரு நகரங்களுக்குமிடையே நூலொன்றை இழுத்துப் பிடித்தால், அது வாஷிங்டனிலிருந்து வடகிழக்காகவே புறப்படும். அதுவே மிகக் குறுகிய வழி.

ஆகவே கட்டடக் கலைஞருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. வீதி ஒரு திசையிற் செல்கிறது; கிப்லா வேறொரு திசையில் இருக்கிறது. எகிப்தில் நெடுங்காலம் பணியாற்றிய இத்தாலியரான மாரியோ ரொஸ்ஸி வரைந்த அமைப்பிலே இரண்டிற்கும் இடமுண்டு. முகப்பிலுள்ள வளைவுகளின் வரிசை வீதிக்கு இணங்க நிற்கிறது. அதன் பின்னுள்ள பள்ளிவாசலோ சரிந்து திரும்பி மக்காவை நோக்குகிறது. நூல்நிலையமும் வகுப்பறைகளும் பக்கச் சிறகுகளில் அமைந்துள்ளன. இதனால் தொழுகைக்கு வருவோரும் கற்க வருவோரும் ஒருவருக்கொருவர் இடையூறாவதில்லை.

உள்ளே நுழைந்தால், பல நாடுகளின் கைவண்ணத்தை ஒரே கூரையின்கீழ்க் காணலாம். சுவர்களை அழகுசெய்யும் ஓடுகள் துருக்கியிலிருந்து வந்தவை. தரைக் கம்பளங்கள் ஈரானின் அன்பளிப்பு. நடுவே தொங்கும் பெரிய வெண்கலச் சரவிளக்கு எகிப்து அளித்தது. மனித உருவோ விலங்குருவோ அங்கில்லை. திருமறை வசனங்களின் எழுத்தே சித்திரமாகப் படர்ந்திருக்கிறது. இவ்வளவு அலங்காரமிருந்தும் தரை வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. தூதுவரும் தொழிலாளியும் ஒரே அணியில் தோளோடு தோள் நிற்பதற்கு வேண்டியது அந்த வெற்றிடமே.

2001 செப்டெம்பர் 11ஆம் திகதித் தாக்குதல்களுக்குப் பின் ஆறாம் நாள், ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் இந்நிலையத்திற்கு வந்து, முஸ்லிம் குடிமக்களை அச்சுறுத்தலாகாதென வற்புறுத்தினார். மறைந்த ஒருவருக்காகத் தொழ இடமில்லையே என்ற ஏக்கத்திற் பிறந்த இல்லம், அன்று உயிரோடிருந்தோரின் பாதுகாப்பிற்காகக் குரல் எழுப்பும் இடமாயிற்று.