உப்பு விளையும் ஊரில் தைரொயிட்

கடந்த வாரம் தைரொயிட் சுரப்பியின் வேலையைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தச் சுரப்பியை நமது உடலே தாக்கும் நோய்க்கு வருவோம். மன்னாரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “நாங்கள் நாளாந்தம் மீன் தின்னுற ஆக்கள். உப்பளமும் பக்கத்தில கிடக்கு. எங்களுக்கு ஏன் தைரொயிட் வருத்தம்?”

நியாயமான கேள்வி. முதலில் உப்பைப் பார்ப்போம். கடல் மீனில் அயடீன் இருக்கிறது. பாத்தியில் விளையும் உப்பிலோ அது மிகச் சொற்பம். ஆகவே மன்னார் உப்பானாலும் அயடீன் சேர்த்த பிறகே சட்டிக்குப் போகவேண்டும். தென்மேற்கின் ஈரவலயத்தில் தலைமுறை தலைமுறையாகக் கண்டக்கழலை கண்ட இலங்கை, 1995இல் சமையல் உப்புக்கு அயடீனைக் கட்டாயமாக்கியது.

ஆனால் உடலே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் அயடீன் குறைவால் வரும் கழலை அல்ல. 1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைரொயிட்டில் வெண்குருதிக் கலங்கள் அடர்ந்து கிடந்ததை எழுதினார். கிருமியோடு போராடவேண்டிய நிர்ப்பீடனம் சுரப்பியையே பகையாகக் கொள்கிறது என்பது 1956இல் லண்டன் ஆய்வாளர்கள் பிறபொருளெதிரிகளைக் கண்டபோதுதான் தெளிந்தது. இதற்கு அயடீனைக் கூட்டுவது மருந்தாகாது. அளவு மீறினால் நோய் மோசமாகவும் கூடும். உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் இலங்கைப் பாடசாலை மாணவிகளைச் சோதித்தபோது, தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் பலரிடம் தென்பட்டன. 2000இல் வெளியான அந்த முடிவு கவலை தந்தது. 2003இல் வெளியான அடுத்த ஆய்வில் அவை வெகுவாகக் குறைந்திருந்தன. முதல் ஆய்வைக் காட்டி அயடீன் உப்பைக் கைவிடச் சொல்வோரை நான் ஏற்கமாட்டேன். கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர அயடீன் வேண்டும். கைவிட வேண்டியது, தைரொயிட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் கடற்பாசித் தூள்களை.

பாரை, சூடை, கணவாய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். சுரப்பிக்குத் தேவையான செலனியமும் அவற்றில் உண்டு. செலனியம் குளிசை பிறபொருளெதிரிகளைச் சற்றுக் குறைக்கலாம், நோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. கோதுமை ஒவ்வாத குடல் நோய் இல்லாதவர் பாணையும் ரொட்டியையும் விடத் தேவையில்லை.

சுரப்பி சோர்ந்தவருக்குத் தைரொக்சின் குளிசைதான் சிகிச்சை. விடிய எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, தேத்தண்ணிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும். விடியப்புறமே மீன்வாடிக்குப் போகும் பெண்ணுக்கு இது லேசல்ல. அவர், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகையில் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கட்டும். எருக்கலம்பிட்டியில் நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதே வழி உதவும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகள் தைரொக்சின் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தகரக் கூரையின் வெக்கை படும் தட்டில் மருந்தை வைக்காதீர்கள்.

“இப்ப சுகம்” என்று குளிசையை நிறுத்துவோர் பலர். தைரொக்சின் குருதியில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். அதனால் நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. கிழமைகள் கழித்து அசதியும் மலச்சிக்கலும் வரும்போது, குளிசையை விட்டது நினைவிலேயே இருக்காது. அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) குருதிப் பரிசோதனை அவசியம். மாதவிலக்குத் தள்ளிப்போனால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெரும்பாலானோருக்குக் குளிசையின் அளவைக் கூட்டவேண்டி வரும்.

சுரப்பி மிதமிஞ்சிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்குக் கார்பிமசோல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலோடு தொண்டை நோவு கண்டால் அந்தக் குளிசையை நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குப் போய் வெண்குருதிக் கலங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரேவ்ஸ் கண்ணையும் தாக்கும். அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.