குத்துச் சண்டை வீரரும் குடும்ப அடுப்பும்

குத்துச் சண்டைக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்கா தேசத்தில் சம்பந்தம் உண்டு. 1973-ம் வருஷத்தில் ஜோ பிரேஸியரை வீழ்த்தி உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர் ஜார்ஜ் போர்மன். மறு வருஷமே ஆப்பிரிக்காவில் கின்ஷாஸா நகரத்தில் முகம்மது அலியிடம் அதை இழந்தார். இருபது வருஷங்களுக்குப் பின்னர், 1994-ல், தமது 45-வது வயதில் மீண்டும் பட்டத்தை வென்று உலகத்தை வியப்பில் ஆழ்த்தினார். அந்தக் காலத்திலேதான் அவர் பெயரைத் தாங்கிய சிறிய மின்சாரச் சமையற் கருவி ஒன்று கடைகளுக்கு வந்தது. 10 கோடிக்கு மேல் அது விற்றிருப்பதாகச் சொல்கிறார்கள். கருவியைச் செய்து விற்ற ஸால்டன் கம்பெனியார், அவருடைய பெயரை உபயோகிக்கும் உரிமைக்காக மட்டும் 1999-ல் 13 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2025-ல் காலமான அந்த வீரர் மல்யுத்த மேடையில் அல்ல, குத்துச் சண்டை மேடையில்கூட அல்ல, அடுப்பங்கரையிலேதான் பெருஞ் செல்வம் ஈட்டினார் என்று சொல்லலாம்.

அந்தக் கருவிக்குக் கிரில் என்று பெயர். புத்தகத்தைப் போல் திறந்து மூடும் இரண்டு உலோகத் தட்டுகள். இரண்டிலும் மின்சாரச் சூடு. நடுவில் உணவை வைத்து மூடினால் மேலும் கீழும் ஒரே சமயத்தில் வேகிறது. மைக்கேல் போம் என்பவர் அமைத்த இந்தக் கிரிலில் தட்டுகள் சற்றுச் சரிவாக இருக்கும். மாமிசத்திலிருந்து உருகும் கொழுப்பு அந்தச் சரிவில் வழிந்து, முன்னால் உள்ள சிறு கிண்ணத்தில் விழும்.

அநுகூலங்கள்

முதலாவது, நேரம். இரண்டு பக்கமும் உஷ்ணம் பாய்வதால், உணவின் நடுப்பகுதியை எட்டச் சூடு பாதித் தூரம் சென்றாலே போதும். திருப்பிப் போடும் வேலையும் இல்லை. இரண்டாவது, சிக்கனம். 1,000 வாட் கிரிலைப் பத்து நிமிஷம் உபயோகித்தால் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்குதான் செலவு. ஒருவர் இருவருக்காகப் பெரிய அவனைச் சூடேற்றுவதைவிட இது மேல். மூன்றாவது, கரி அடுப்பில் நெருப்பின்மேல் கொழுப்பு சொட்டி எழும் புகையில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் உண்டு. இங்கே கொழுப்பு நெருப்பில் விழுவதில்லை. ஆகவே அந்தப் புகையும் குறைவு.

பிரதிகூலங்கள்

உணவு நன்றாகச் சிவந்து மணக்க வேண்டுமானால், அதன் மேற்பரப்பு உலர்ந்து ஏறக்குறைய 140 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தைத் தாண்ட வேண்டும். மூடிய தட்டுகளுக்கு நடுவே நீராவி அகப்பட்டுக்கொள்கிறது. ஈரம் இருக்கும் வரையில் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. அதனால் பல சமயங்களில் உணவு வறுபடுவதற்குப் பதிலாக அவிந்துபோகிறது. மேல் தட்டின் கனம் சாற்றையும் பிழிந்துவிடுகிறது. எலும்போடு கூடிய கோழித் துண்டு மேடு பள்ளமாக இருப்பதால் தட்டு சரியாகப் படிவதில்லை. வெளியே கருகும், எலும்பருகே பச்சையாக நிற்கும். கோழி உள்ளே 74 டிகிரி சூட்டை அடையாமல் உண்பது அபாயம்.

இனி, கழுவும் படலம். பழைய மாதிரிகளில் தட்டுகளைக் கழற்ற முடியாது. மின்சாரக் கருவியாதலால் ஜலத்தில் அமிழ்த்தவும் கூடாது. வரி வரியான பள்ளங்களில் பிசுக்கு உறைந்துவிட்டால் அதைத் துடைத்தெடுப்பது ஒரு தனித் தவம். உலோகக் கரண்டியால் சுரண்டினால் நான்-ஸ்டிக் பூச்சு பாழாகும். சமைப்பவர் ஒருவர், கழுவுகிறவர் மற்றொருவர் என்னும் வீடுகளில் இந்தக் கருவியைப் புகழ்வது மிகவும் எளிது!

கொழுப்பு குறையுமா?

கிரிலை விற்றது இந்த வாக்குறுதிதான். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. கொழுத்த மாமிசத்திலிருந்து கொழுப்பு வழிவது மெய். மெலிந்த மாமிசத்திலோ காய்கறியிலோ வழிவதற்கு என்ன இருக்கிறது? நம் வீடுகளில் இத்தகைய கருவி பெரும்பாலும் ரொட்டி ஸாண்ட்விச்சுக்கே பயன்படுகிறது. ரொட்டியின் இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவி, உள்ளே சீஸ் வைத்து அழுத்தினால், வெண்ணெய் கிண்ணத்தில் விழாது, ரொட்டிக்குள்ளே போகும். அங்கிருந்து எங்கே போகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கொழுப்பைக் குறைக்கும்படி வைத்தியர் எச்சரித்த வீட்டில், கருவி வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று இருப்பது பெரும் பிசகு.

வாங்கலாமா?

தட்டையான, மெல்லிய, எலும்பில்லாத பண்டங்களுக்கு இது நல்ல துணை. மீன் துண்டு, பன்னீர், வட்டமாக நறுக்கிய கத்தரிக்காய் ஆகியவை சில துளி எண்ணெயில் பக்குவமாகும். தோசைக்கும் அடைக்கும் உதவாது; ஆவி மேலே போனால்தான் அவை முறுகும். அதற்கு நம் இரும்புக் கல்லுக்கு ஈடு கிடையாது. வாங்குவோர் கழற்றிக் கழுவக்கூடிய தட்டுகளும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் விசையும் உள்ளதாகப் பார்த்து வாங்குதல் நலம்.

அயல்நாட்டிலே பிறந்தது என்பதற்காக மயங்கவும் வேண்டாம். அதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் அதைத் திறப்போம் என்று கணக்கிட்டு, அதைத் துடைக்கப்போகிறவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடைக்குப் புறப்படுவதே விவேகம்.