கொல்லையில் ஒரு தொழுவம்

“நாக்குப்பூச்சியையா காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்க மாப்ளே?” என்று அத்தை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கையில் ஈரச்சாக்கில் சுற்றிய அரைக் கிலோ மண்புழு. அத்தை தஞ்சாவூர்ப் பக்கம். மழை விட்டதும் வாசலில் நெளிவதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டே பழகியவர். அதையே மருமகன் எடைபோட்டு வாங்கி வந்தது அவருக்கு இரண்டு நாள் சிரிப்புக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. புழுக்கள் செத்துப்போயிருந்தன.

வீடு தாம்பரத்துக்குத் தெற்கே. பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். அதில் துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மிச்ச இடத்தில் மூன்றடி அகலத்தில் ஒரு கிணற்று உறையை இறக்கி, அதுதான் தொட்டி என்று முடிவு செய்திருந்தேன். தெருமுனைப் பால்கார அம்மாவிடம் காலையில் வாங்கிய பச்சைச் சாணியை ஒரு கூடை கொட்டி, மேலே புழுவை விட்டு, மூடியும் வைத்தேன். அது சித்திரை மாதம். பச்சைச் சாணி குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும் என்பது மாடு வைத்திருந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சாணிக்குள் விரலை விட்டால் வெந்நீரில் விட்டதுபோல் இருந்தது. தப்பிக்கப் பார்த்தவை உறையின் சுவரில் ஏறி, பாதி வழியிலேயே பழுப்பு நூலாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. அந்த நூல்களை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது.

“மாட்டைக் கட்டுனா நிழல் பாத்துக் கட்டுவோம். தண்ணி காட்டுவோம். கண்டதையும் திங்கக் குடுக்க மாட்டோம். இது மட்டும் உசுரு இல்லையா?” என்றார் அத்தை. நான் பார்த்த காணொளிகள் எல்லாம் ‘கழிவு மேலாண்மை’ என்றே ஆரம்பித்தன. புழுத்தொட்டியைக் குப்பைத்தொட்டியாக நினைக்கிறவர்கள்தான் மூன்றே மாதத்தில் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். தொழுவமாக நினைத்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாகவே வந்துவிடுகிறது.

முதலில் நிழல். உர மண்புழுவுக்கு 20 முதல் 30 டிகிரி வரை சுகம். 35-ஐத் தாண்டினால் தவிக்கும். நம் ஊர் வெயிலில் திறந்த வெளியில் வைத்தால் கொலைதான். உறையை முருங்கையடிக்கு நகர்த்தி, மேலே தென்னங்கீற்று போட்டேன். அடியில் உடைந்த செங்கல் மூன்று விரல் உயரம், அதன்மேல் கொஞ்சம் மணல், அதன்மேல் தேங்காய் மட்டை. தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு ஓட்டை. அதற்கும் மேலேதான் படுக்கை. பதினைந்து நாள் நிழலில் ஆறி, சூடும் நாற்றமும் போன சாணியும் காய்ந்த சருகும் கலந்தது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நிற்கும். தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் காற்று கிடைக்காது. படுக்கையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் சருகைச் சேருங்கள், சொட்டே இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள்.

தீனியில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். மண்புழுவுக்குப் பல் இல்லை. பூஞ்சையும் பாக்டீரியாவும் மென்மையாக்கிய பிறகே அது வாய் வைக்கும். உள்ளே போனதை அரைப்பது அரைவைப்பை, கோழிக்கு இருப்பதைப் போல. அதற்காகத்தான் மாதம் ஒருமுறை ஒரு பிடி மணலைத் தூவுகிறோம். காய்கறித் தோலை அப்படியே போடாமல் ஒரு பழைய மண்பானையில் சருகோடு பத்து நாள் மக்கவிட்டுப் போட்டால் ஈயும் வராது, சூடும் ஏறாது. வாழைப்பழத் தோல் என்றால் விருந்து. கீரைத்தண்டு, முட்டைகோஸ் இலை, பூசணிக் குடல், நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போகும். டீத்தூள் சக்கையை மட்டும் ஒருமுறை அலசிவிட வேண்டும். சர்க்கரை கொஞ்சம் இருந்தாலும் எறும்புக்குச் சேதி போய்விடும். எலுமிச்சைத் தோல், புளிச் சக்கை, வெங்காயம், மிளகாய், எண்ணெய், கறி, மீன் கூடாது. உப்புப் போட்டுச் சமைத்த எதுவுமே கூடாது. நேற்றைய சாம்பாரை ஊற்ற இது இடம் இல்லை.

எவ்வளவு போடலாம்? வளர்ந்த புழு ஏறக்குறைய ஆயிரம் சேர்ந்தால் ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ, நல்ல நிலையில் இருந்தால், நாளைக்கு அரைக் கிலோ வரை தின்னும் என்பது பொதுக் கணக்கு. புதுத் தொட்டியில் அதில் பாதிகூட வேண்டாம். போட்டது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. நாலு பேர் வீட்டுக் காய்கறிக் கழிவு முழுவதையும் முதல் மாதமே ஒரே உறையில் திணித்தால் அது அழுகி நாறும், பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பார்.

எறும்புக்காக உறையைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் சிமென்ட் வாய்க்கால் கட்டித் தண்ணீர் விட்டிருக்கிறேன். வாரம் இரண்டுமுறை மாற்றாவிட்டால் எறும்பு போய்க் கொசு வரும். பெருச்சாளிக்கும் செம்போத்துக்கும் கோழிவலை. ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு மேலே ஒரு தகரம்.

இரண்டாம் முறை புழுவைக் காசு கொடுத்து வாங்கவில்லை. மண்புழு ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகளைச் செலவிட்ட சென்னைப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணில் இருக்கும் உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று தொடர்ந்து சொல்லி வருபவர். அவற்றை வரவழைக்க அவர் பரப்பிய வழி எளிமையானது. மண்புழு எச்சம் குவிந்திருக்கும் ஈரமான இடத்தைக் கண்டுபிடித்து, அரைக் கிலோ வெல்லமும் அரைக் கிலோ பச்சைச் சாணியும் கரைத்த தண்ணீரைத் தெளித்து, வைக்கோல் பரப்பி, பழைய சாக்கால் மூடி ஈரம் காக்க வேண்டும். மூன்று நாலு வாரத்தில் சாக்குக்கு அடியில் கூட்டம் கூடியிருக்கும். பால்கார அம்மாவின் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் இதைச் செய்தேன். “புழுவுக்கு வெல்லமா? எங்களுக்கே அஸ்கா சக்கரதான்” என்று அந்த அம்மா சொன்னதையும் கேட்டுக்கொண்டேன்.

கடையில் விற்கிற உர மண்புழுவை வாங்கினாலும் பாதகமில்லை. ஆனால் அது குப்பையின் மேல்மட்டத்தில் வாழும் இனம். அதைக் கொண்டுபோய் வாழைக்கடியில் விட்டுவிட்டு மண்ணை உழும் என்று காத்திருப்பது வீண். உழுகிற புழு வேறு, எரு ஆக்குகிற புழு வேறு.

இந்த மௌனப் பிராணியை உட்கார்ந்து கவனித்தவர்களில் பெரியவர் டார்வின். படிக்கும் அறையிலேயே தொட்டிகளில் மண்புழு வளர்த்தார். மகன் ஊதிய பசூனுக்கும் வீட்டுப் பியானோவுக்கும் அவை அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும் வளைக்குள் ஓடிவிட்டன. காது கேட்காது, அதிர்வு தெரியும். அவருடைய மண்புழு நூல் 1881-ல் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தில், ஒரு பாத்திரம் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து அதன் உழைப்பை வியந்து பேசுகிறது. நாங்கூழ் என்ற அந்த அழகான பெயரை ஏனோ நாம் தொலைத்துவிட்டோம்.

மூன்றாம் மாதம் மேல்மட்டம் டீத்தூள்போலக் கறுத்து உதிர்ந்தது. நாற்றம் இல்லை, முதல் மழை மண்ணின் வாசம்தான். எடுப்பதற்கு நாலைந்து நாள் முன்பே தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் சாக்கு விரித்துக் கூம்பாகக் குவித்தேன். வெளிச்சம் பிடிக்காமல் புழுக்கள் அடிக்கு இறங்கும். மேலே மேலே வழித்துச் சலிக்க வேண்டியதுதான். சல்லடையில் மல்லி விதைக்குச் சற்றுச் சின்னதாக, எலுமிச்சை வடிவில் மஞ்சள் மணிகள் மிஞ்சின. அத்தை ஏதோ விதை என்று நினைத்தார். அவை முட்டைக்கூடு. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குஞ்சு வரும். சலித்ததோடு எறிந்துவிடாமல் திரும்பத் தொட்டியில் போடுங்கள்.

உறையிலிருந்து வடியும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அமிர்தம் என்று விற்கிறார்கள். பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நானும் செடிக்கு ஊற்றுகிறேன். அதிசயம் எதையும் காணவில்லை. உரத்தின் பலன் கறிவேப்பிலையில் கண்கூடு.

தொடங்க நினைத்தால் சித்திரையில் வேண்டாம், ஆவணியில் தொடங்குங்கள். தை பிறப்பதற்குள் முதல் சலிப்பு வந்துவிடும். தெரிந்தவர் யாரிடமாவது தொட்டி இருந்தால் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போன மாதம் அத்தை ஊருக்குக் கிளம்பியபோது ஈரச்சாக்கில் சுற்றி ஒரு பொட்டலம் கொண்டுபோனார். காசு வாங்கவில்லை.