ஒரு லைட் பொயிண்டில் நான்கு விளக்குகள்

கண்டியில் மலைச்சரிவில் கட்டிய வீடுகளுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. முன் ஹோலில் நல்ல வெளிச்சம் இருக்கும். மண்ணை வெட்டி அணைகட்டிய பின்பக்க அறையிலோ பட்டப்பகலிலும் இருட்டு. அம்பிட்டிய, ஹந்தான, மஹியாவ, எங்கே போனாலும் இப்படி ஓர் அறையைக் காணலாம். அதன் நடுவில் ஒரேயொரு லைட் பொயிண்ட். எவ்வளவு பெரிய பல்பைப் போட்டாலும், அலுமாரியைத் திறந்து நிற்பவரின் நிழல்தான் அலுமாரிக்குள் விழும்.

இந்த அறைகளுக்கு ட்ராக் லைட் நன்றாகப் பொருந்தும். அது ஓர் அலுமினியச் சட்டம். உள்ளே செம்புப் பட்டைகள் ஓடும். விளக்குகளை அதில் வேண்டிய இடத்தில் மாட்டலாம், நகர்த்தலாம், வேண்டிய பக்கம் திருப்பலாம். சட்டத்தின் ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். சுவரை வெட்டிப் புதிய வயர் இழுக்கும் வேலை இல்லை. நான்கு 7 வோட் எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மொத்தம் 28 வோட்தான். பழைய 60 வோட் குண்டு பல்பு எடுத்ததில் பாதிகூட இல்லை. எனவே லோட் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது சீலிங்கைப் பற்றி. கடைக்குப் போவதற்கு முன் ஏணி வைத்து அதைப் பாருங்கள்.

கொன்கிரீட் ஸ்லாப் என்றால் வேலை நேரானது. ஹெமர் ட்ரில்லில் 6 மில்லிமீற்றர் துளை, ரோல் பிளக், ஒன்றரை அங்குல ஸ்குரூ. ஸ்லாப்புக்குள் லைட் பொயிண்டிலிருந்து சுவிட்ச் இருக்கும் சுவர்ப் பக்கம் பைப் ஓடும். அந்தக் கோட்டில் துளையிடாதீர்கள். மழைக்குப் பிறகு மஞ்சள் கறை தெரியும் இடத்திலும், அணைகட்டை ஒட்டி ஈரம் ஊறும் சுவரிலும் சட்டம் வேண்டாம். முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பலகைச் சீலிங்கில் பலகைக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதில் ஸ்குரூ இறக்குங்கள். ஐ-பெனல் சீலிங் தனியாகப் பாரம் தாங்காது. அதிலும் பெனலுக்கு மேலுள்ள சட்டத்தில்தான் ஸ்குரூ இறக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீலிங்கில் துளையே இடாதீர்கள். கண்டிப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் கூரையும் அதுதான், தட்டைச் சீலிங்கும் அதுதான். தகடு முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. துளையிடும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறந்து நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கை 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களிலேயே அரசாங்கம் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. தேயிலையை நம்பி வாழும் இந்த மாவட்டத்தில் அந்தத் தகடு இன்னும் தலைக்கு மேல் இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட அறையில் சட்டத்தைச் செங்கல் சுவரின் மேற்பகுதியில் கிடையாகப் பூட்டுங்கள், அல்லது வெளியே தெரியும் மரவளையில் பூட்டுங்கள். விளக்கைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் சுவரிலிருந்தும் வெளிச்சம் நன்றாகவே வரும்.

அடுத்தது எர்த். சந்தையில் இரண்டு வயர் ட்ராக்கும் உண்டு, மூன்று வயர் ட்ராக்கும் உண்டு. விலை குறைவு என்று பலர் இரண்டு வயர் ட்ராக்கை வாங்குகிறார்கள். சட்டம் உலோகம், உள்ளே ஒரு வயர் கழன்று பட்டால் சட்டம் முழுவதும் ஷொக் அடிக்கும். எர்த் உள்ள மூன்று வயர் ட்ராக்கையே வாங்குங்கள். பழைய வீட்டு லைட் பொயிண்டில் சிவப்பும் கறுப்பும் மட்டும் இருந்து பச்சை வயர் இல்லையென்றால், எர்த் இழுப்பது என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள வயரிங் பாஸ் ஒருவரின் வேலை. புதிய லைன் போடுவதும் அப்படித்தான். இருக்கும் பொயிண்டில் இருக்கும் சுவிட்சுடன் இணைப்பது மட்டுமே நாமாகச் செய்யக்கூடியது.

வேலைக்குக் காலை நேரம் நல்லது. மெயினை நிறுத்தினால் பகல் வெளிச்சம்தான் துணை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பின் இடி மின்னல் வரும். அப்போது வயரைத் தொடக்கூடாது. மெயினை நிறுத்தினால் மட்டும் போதாத வீடுகளும் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது பல வீடுகளில் இன்வேட்டர் வாங்கி லைட் லைனுடன் இணைத்தார்கள். மெயின் விழுந்தவுடன் அது தானாக லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் நிறுத்துங்கள். டெஸ்டரை மெயின் நிறுத்துவதற்கு முன் ஒருமுறை கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின் பொயிண்டின் எல்லா வயரிலும் வையுங்கள். முதல் சோதனையைச் செய்யாவிட்டால், டெஸ்டர் எரியாததற்குக் காரணம் கரண்ட் இல்லாததா, டெஸ்டர் பழுதா என்று தெரியாது.

பழைய ஹோல்டரைக் கழற்றுமுன் வயர்கள் இருந்த விதத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பொயிண்ட் அறை நடுவிலும் ட்ராக் சுவரோரத்திலும் இருப்பதால் இடையில் வயர் ஓட வேண்டும். கடையில் 1/1.13 வயர் என்று கேட்டால் தருவார்கள். லைட்டுக்கு அது தாராளம். அதைப் பிளாஸ்டிக் கேசிங்கில் போட்டு சீலிங்கை ஒட்டிக் கொண்டுபோகலாம். அஸ்பெஸ்டஸ் என்றால் கேசிங்கை ஒட்டத்தான் வேண்டும், ஆணி கூடாது. சட்டத்தின் முனைப்பெட்டியில் சிவப்பு அல்லது மண்ணிறம் லைவுக்கு, கறுப்பு அல்லது நீலம் நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. பழைய வீடுகளில் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். மறுமுனையில் மூடியைப் போட மறக்காதீர்கள். மழை விட்டதும் வரும் ஈசலும், அதைத் தேடி வரும் பல்லியும் திறந்த சட்டத்துக்குள் புகுந்துவிடும். மெயினைப் போட்டபின், லைட் சுவிட்சைப் போடுமுன் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் அதை மாற்றும்வரை ட்ராக்குக்குக் கரண்ட் வேண்டாம்.

சட்டம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? படத்துக்கோ பத்திக் துணிக்கோ வெளிச்சம் 30 பாகை சரிவில் விழுந்தால் கண் கூசாது, கண்ணாடியும் மின்னாது. சீலிங் 9 அடி, படத்தின் நடு 5 அடி என்றால் வித்தியாசம் 4 அடி. அதை 0.58 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டேகால் அடி. 10 அடிச் சீலிங்குக்கு மூன்று அடி. அலுமாரிக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு விளக்கை இடப்பக்கத்திலிருந்தும் இன்னொன்றை வலப்பக்கத்திலிருந்தும் குறுக்காகத் திருப்புங்கள். ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும்.

பல்பு நிறத்தில் நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 6500 கெல்வின் டேலைட்டை எடுக்கிறார்கள். படிக்கும் மேசைக்கு அது சரி என்பவர்களும் உண்டு. எனக்கு 4000 போதும். பிலிமத்தலாவையில் வாங்கிய பித்தளை விளக்குக்கும் மரத்துக்கும் 3000 கெல்வின் எடுங்கள். டேலைட்டில் பித்தளை வெளிறிவிடும். சாமி அறைக்கும் 3000தான்.