தானாக வந்து நின்ற பழைய விலைப்பட்டியல்

போன ஐப்பசியில் எங்கள் மண்டியில் ஒரு கடைக்காரருக்கு 20 மூட்டை துவரம்பருப்பு பில் ஆயிற்று. மூட்டை 50 கிலோ. கிலோவுக்கு 4 ரூபாய் குறைத்துப் போட்டுவிட்டார் குமாஸ்தா. மாலையில் சிட்டை பார்த்தபோதுதான் 4,000 ரூபாய் துண்டு விழுந்தது தெரிந்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் நின்றாலே பெரிது என்றிருக்கும் தொழில் நம்முடையது.

சத்தம் போட்டேன். "முதலாளி, எக்ஸெல்லைத் திறந்ததும் வருகிற பட்டியலைப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார். உண்மைதான். எந்தக் கணக்கைத் திறந்தாலும் கூடவே மூன்று மாதப் பழைய விலைப்பட்டியல் வந்து நின்றது. மூடினாலும் மறுநாள் வரும். பழுது பார்ப்பவர் ஒருவர் எக்ஸெல்லையே எடுத்துவிட்டு மறுபடி போட்டுக் கூலி வாங்கிப் போனார். பட்டியல் போகவில்லை.

கடைசியில் தம்பி மகன் வந்தான். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே எக்ஸெல்லைத் திறந்தான். பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்டது; ஆம் என்றதும் பட்டியல் வரவில்லை. "தொடக்கத்தில் ஏதோ ஒன்று சேர்ந்து வருகிறது, பெரியப்பா" என்றான்.

விஷயம் இதுதான். லாரி வாடகையை மூட்டைக்கணக்கில் பிரிக்க முன்பிருந்த பையன் ஒரு மேக்ரோ பதிவு செய்திருந்தான். அது 'பர்சனல்' என்ற கோப்பில், 'எக்ஸ்எல்ஸ்டார்ட்' என்னும் அறையில் உட்காரும். அந்த அறையில் எது இருந்தாலும் எக்ஸெல் திறக்கும்போதே திறந்துகொள்ளும். அது மறைந்தே இருக்க வேண்டிய கோப்பு. யாரோ மறைப்பை நீக்கிவிட, காலித் தாள் என்று நினைத்து அதில் விலை எழுதிச் சேமித்திருக்கிறார்கள்!

விலைகளை அழித்து, 'வியூ' பகுதியில் 'ஹைட்' கொடுத்து, எக்ஸெல்லை மூடும்போது சேமிக்கவா என்றதற்கு ஆம் என்றான். தீர்ந்தது. கோப்பையே அழித்திருந்தால் வாடகை மேக்ரோவும் போயிருக்கும்.

உங்கள் கடையில் மேக்ரோவே பதிவு செய்யாமல் அந்த அறையில் 'பர்சனல்' கோப்பு இருந்தால் சும்மா விடாதீர்கள். 1996-இல் வந்த லாரூ என்ற வைரஸ் இதே பெயரில் இதே அறையில்தான் குடியேறியது. அறை காலியாக இருந்தும் கோப்புகள் தாமாகத் திறந்தால், 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் தொடக்கத்தில் திறக்கும் கோப்புறை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஏதும் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோப்பு மட்டும் திறந்தவுடன் தானாக வேலை செய்தால், ஷிப்ட் விசையை அழுத்தியபடி எக்ஸெல்லுக்குள்ளிருந்து அதைத் திறந்தால் மேக்ரோ ஓடாது.

அந்தக் கடைக்காரரிடம் விவரம் சொன்னேன். "சரக்கு விற்றுப்போச்சே அண்ணாச்சி" என்றவர், பாதியை அடுத்த பில்லில் சேர்க்கச் சொன்னார். மீதி என் பற்றில்.