கவுன்சலிங் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

ராத்திரி தூக்கம் வருவதில்லை. முதல் வகுப்புக்கு எழுந்து போக முடிவதில்லை. அரியர் சேர்ந்துகொண்டே போகிறது. ‘ஆலோசகரைப் பார்த்தால் என்ன?’ என்று யோசிக்கும் கல்லூரி மாணவர்கள் பலரைத் தடுப்பது ஒரு பயம்: வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ? ஹெச்.ஓ.டி. காதுக்குப் போய்விடுமோ?

சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 மே 29இல். சிகிச்சை விவரங்களை மனநல வல்லுநர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 23ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 18 வயது நிரம்பியவர், சிகிச்சையில் தனக்குத் துணைநிற்க ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பொறுப்பேற்கச் சம்மதிக்கும், 18 வயது நிரம்பிய நண்பராகவும் இருக்கலாம்.

கல்லூரி ஆலோசகரிடம் பேசலாமா?

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள், தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், பாடம் நடத்தும் பேராசிரியரே ஆலோசகர் பொறுப்பையும் பார்க்கும் கல்லூரிகள் உண்டு. இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? ஆகவே, உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள்: “நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? எந்த நிலையில் வீட்டுக்குத் தெரிவிப்பீர்கள்? நீங்கள் எழுதும் குறிப்பை வேறு யார் பார்ப்பார்கள்?” பதில் மழுப்பலாக இருந்தால், வெளியே ஒருவரைத் தேடலாம்.

வெளியே யார் இருக்கிறார்கள்?

மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். தேவைப்பட்டால் மருந்து எழுதுவார். உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். கட்டணம் கட்ட வழியில்லையா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாளில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் கேள்விகள்தான். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், சாப்பாடு இறங்குகிறதா, எப்போதிலிருந்து இப்படி, குடிப்பழக்கம் உண்டா, செத்துவிடலாம் என்று தோன்றியதா? கடைசிக் கேள்வியை நேராகவே கேட்பார்கள். ஒளிக்காமல் பதில் சொல்வது நல்லது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடாது. இரண்டு மூன்று முறை போன பிறகும் ஒட்டவில்லை என்றால், வேறொருவரிடம் மாறுவதில் தவறில்லை.

தள்ளிப்போடக் கூடாத நேரம்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

விடுதி அறையில் நண்பர் விபரீதமாக எதையாவது செய்துவிட்டால், ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு சொல்லும் பொதுவிதி. 108க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.